டி. எஸ். சேனநாயக்கா

டொன் ஸ்டீபன் சேனநாயக்கா (1883 - மார்ச் 22, 1952) விடுதலை பெற்ற இலங்கையின் முதலாவது பிரதமர் ஆவார். இலங்கையில் இவர் தேசத்தின் தந்தை எனவும் அழைக்கப்படுகிறார். பிரதமர் பதவியில் இவர் இருந்தது ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவான காலமே. அதற்கு முன் 1931 முதல் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் விவசாய, காணி அமைச்சராகப் பணியாற்றினார். இலங்கையில் நிலம் யாருக்கு உரியது, அரசு கொடுத்த நிலத்தை ஒருவர் எந்த அளவுக்குத் தனதாகக் கொள்ளலாம் என்னும் கேள்விகளுக்கு இவர் காலத்தில் எழுதப்பட்ட விடைகள் இன்றும் அந்நாட்டின் சட்டத்தில் உள்ளன. இலங்கைத் தமிழ் வழக்கில் காணி என்பது நிலத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லாகும். இக்கட்டுரையிலும் அப்பொருளிலேயே ஆளப்பட்டுள்ளது.

இளமைக் காலம்

மேல் மாகாணத்தில் மீரிகமைக்கு அருகிலுள்ள போதலை என்னும் சிற்றூரில் சேனநாயக்கா பிறந்தார். தந்தை முதலியார் டொன் ஸ்பேட்டர் சேனநாயக்கா, பென்சில் கரி எனப்படும் காரீயச் சுரங்கத் தொழிலில் பொருளீட்டித் தென்னந்தோட்டங்களை வாங்கியவர். டி. சி. சேனநாயக்கா, எஃப். ஆர். சேனநாயக்கா ஆகிய இருவரும் இவருடைய தமையன்மார்.

கொழும்பு முகத்துவாரத்தில் அப்போது இயங்கிவந்த புனித தோமையார் கல்லூரியில் இவர் பயின்றார். படிப்பில் பெரிதாகச் சிறந்து விளங்கியவர் அல்லர். பள்ளியை விட்ட பின் நில அளவைத் திணைக்களத்தில் சிறிது காலம் எழுத்தராகப் பணிபுரிந்தார். பின்னாளில் ஒரு நாட்டின் காணிக் கொள்கையை வகுக்கப் போகிறவர், அந்நாட்டின் நில வரைபடங்கள் உருவாகும் அலுவலகத்தில் தம் முதல் வேலையைப் பார்த்தார் என்பது குறிப்பிடத்தக்கது. அப்பணியை விட்டு விலகிக் குடும்பத்தின் தோட்டங்களைக் கவனித்தார். கஹட்டகஹ காரீயச் சுரங்கத்தின் நிர்வாகத்தையும் பார்த்துவந்தார். 1910 இல் மொலி துனுவில என்பவரை மணந்தார். இவர்களுக்கு டட்லி, ராபர்ட் என இரு மைந்தர்கள் பிறந்தனர். அவர்களுள் டட்லி சேனநாயக்கா பின்னாளில் இலங்கையின் பிரதமரானார்.

அரசியலில் நுழைவு

சேனநாயக்கா சகோதரர்கள் மதுவிலக்கு இயக்கத்தின் வழியாகவே பொதுவாழ்வுக்கு வந்தனர். 1915 இல் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டபோது பிரித்தானிய அரசு படைத்துறைச் சட்டத்தைப் பிறப்பித்து, சிங்களத் தலைவர்கள் பலரைச் சிறையிலடைத்தது. சகோதரர் மூவரும் அவர்களுள் அடங்குவர். சில வாரங்களுக்குப் பின் குற்றம் ஏதும் சுமத்தப்படாமல் விடுவிக்கப்பட்டனர். அந்நாளில் சிங்களத் தலைவர்களுக்காகச் சட்டசபையில் வாதாடியதோடு இலண்டனுக்கும் சென்று முறையிட்டவர் தமிழரான சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆவார்.

1924 இல் நீர்கொழும்புத் தொகுதியிலிருந்து போட்டியின்றிச் சட்டசபைக்குத் தெரிவானார். அதுவரை குடும்பத்தின் அரசியல் முகமாக விளங்கிய எஃப். ஆர். சேனநாயக்கா 1926 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் புனித யாத்திரையின்போது காலமானார். அதன் பின்னரே தம்பி முன்வரிசைக்கு வந்தார்.

அக்காலக் காணி உரிமை

சேனநாயக்காவின் பணியைப் புரிந்துகொள்ள, அவருக்கு முன்னிருந்த நிலைமையை அறிவது தேவையாகும். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் ஆகியன எல்லாம் மாறாக நிறுவப்படும் வரை முடிக்குரியவை எனக் கொண்டது. உரிமையை மெய்ப்பிக்கும் பொறுப்பு உழவர் மேல் விழுந்தது. காட்டை எரித்து ஓரிரு பருவங்கள் பயிரிட்டுப் பின் இடம்மாறும் சேனைப் பயிர்ச்செய்கைக்கு எழுத்துமூலச் சான்று எங்கிருந்து வரும்? 1897 இன் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் இந்த விதியை மேலும் இறுக்கியது. இவ்வாறு முடிக்கு வந்த காணிகள் கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்கும் இறப்பருக்கும் விற்கப்பட்டன. மலைநாட்டுக் குடியானவர்கள் இதனால் இழந்த நிலம் எவ்வளவு என்பது பற்றி வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. தோட்டங்கள் எழுந்த உயர்மலைச் சரிவுகளில் பெரும்பகுதி குடியிருப்பற்ற காடாகவே இருந்தது என்போரும் உளர். எனினும் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் சேனைக்கும் ஊர் விரிவதற்கும் இருந்த இடம் சுருங்கியது என்பதில் ஐயமில்லை.

தமிழ்நாட்டு வாசகர் இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மதுரைச் சமவெளி போன்ற இரயத்துவாரிப் பகுதிகளில் உழவர் தம் பெயரில் பட்டா பெற்று அரசுக்கு நிலவரி செலுத்தினர். வரி ஏடே உரிமைக்குச் சான்றாக நின்றது. இலங்கையில் அத்தகைய ஊர்வாரியான பொது நிலவரித் திட்டம் வேரூன்றவில்லை. நெல்லுக்கு இருந்த தானிய வரியும் 1892 இல் ஒழிக்கப்பட்டது. வரிச்சுமை நீங்கியது நன்மையே. ஆயினும் உழவர் கையில் காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லாமற் போயிற்று.

தனியார் காணிகளிலும் சிக்கல் இருந்தது. தந்தையின் நிலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக இறங்கியது. நிலத்தைத் துண்டாக்காமல் பங்காக மட்டும் வைத்துக்கொண்டதால், சில தலைமுறைகளில் ஒரு சிறு வயலுக்குப் பலர் பங்காளிகளாயினர். வயலை ஆண்டுக்கொருவராக முறைவைத்து உழும் தட்டுமாறு என்னும் வழக்கம் இதனால் பரவியது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் தன் கைக்கு வரும் வயலில் எவரும் வரப்பைத் திருத்தவோ எருவிடவோ முனைவதில்லை. யாழ்ப்பாணத்தில் தேசவழமைச் சட்டம், பங்காளி ஒருவர் தம் பங்கை விற்கும்போது மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமையைக் கொடுத்துக் காணி வெளியாருக்குச் செல்வதை ஓரளவு தடுத்தது. தெற்கில் இத்தகைய காப்பு இருக்கவில்லை.

காணி ஆணைக்குழு

1927 இல் ஆளுநர் சேர் இயூ கிளிபர்டு காலத்தில் காணி ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. சேனநாயக்கா அதன் உறுப்பினர்களுள் ஒருவர். எஞ்சியிருந்த முடிக்குரிய காணியை அதிக விலை கொடுப்பவருக்கு விற்கும் பழைய முறையை இவ்வாணைக்குழு கைவிடச் சொன்னது. காணியை அளந்து, எது எதற்கு என முன்கூட்டியே வகுத்து, நிலமற்ற குடியானவருக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்பதும், அவ்வாறு பெற்ற காணியை அவர் விற்க இயலாதவாறு காக்க வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளின் சாரம். மட்டக்களப்புப் பகுதியில் அரச அதிபராக இருந்த சி. வி. பிரேன் 1920களில் இதை ஒத்த குடியானவர் உடைமைத் திட்டமொன்றை நடத்திப் பார்த்திருந்தார். பின்னர் அவரே முதலாவது காணி ஆணையாளர் ஆனார்.

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், 1935

டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931 இல் அரசாங்க சபை தொடங்கியபோது, மினுவாங்கொடைத் தொகுதியின் உறுப்பினரான சேனநாயக்கா விவசாய, காணி அமைச்சரானார். ஆணைக்குழுவின் பரிந்துரைகள் 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமாக வடிவெடுத்தன.

இச்சட்டத்தின்படி முடிக்குரிய காணி ஊர் விரிவாக்கம், மேய்ச்சல், ஊர்க்காடு, குடியேற்றம், நடுத்தர வகுப்பினர் எனப் பயன்வாரியாக வரைபடத்தில் ஒதுக்கப்படும். பின்னர் அதிகாரிகள் ஊரிலேயே காணிக் கச்சேரி கூட்டி விண்ணப்பங்களை விசாரிப்பர். தனக்கு நிலமில்லை என்று ஒருவர் கூறினால், அது உண்மையா என அண்டை வீட்டார் அவ்விடத்திலேயே கூறிவிடலாம். தெரிவானவருக்கு முதலில் அனுமதிப்பத்திரம் வழங்கப்படும். காட்டை வெட்டி, பயிரிட்டு, நிபந்தனைகளை நிறைவேற்றி, உரிய தொகையைச் செலுத்திய பின் அளிப்பு எனப்படும் உறுதிப் பத்திரம் கிடைக்கும்.

அளிப்புப் பெற்றவரும் முழு உடைமையாளர் ஆகிவிடுவதில்லை. அரசின் இசைவின்றிக் காணியை விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. அடைமானம் வைப்பதும் கடுமையாக வரையறுக்கப்பட்டது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே காணியைப் பிரிக்கவும் இயலாது. எனவே ஒவ்வொருவரும் பொதுவாக ஒரே ஒரு பின்னுரித்தாளரை நியமிக்க வேண்டியிருந்தது. கணவனோ மனைவியோ ஆயுள்காலம் வரை அனுபவிக்கலாம். நியமனம் செய்யாமல் இறந்தால் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள உறவுமுறை வரிசை செல்லும். அவ்வரிசையில் மகனுக்குப் பின்னரே மகள் வந்தாள். ஒரே படிநிலையில் ஆண்களுள் மூத்தவருக்கே முன்னுரிமை.

கடன்காரனிடமும் பங்குப் பிரிப்பிடமும் இருந்து உழவனைக் காப்பதே இந்தக் கட்டுப்பாடுகளின் நோக்கம். இது இலங்கைக்கு மட்டும் உரிய சிந்தனை அன்று. சென்னை மாகாணத்தில் 1892 முதல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களும் பத்தாண்டுகள் விற்கப்படக்கூடாது, அதன் பின்னும் பிற சாதியினருக்கு விற்கப்படக்கூடாது என்னும் நிபந்தனையுடனேயே வந்தன. பஞ்சமி நிலங்களில் பல, நிபந்தனையை மீறிப் பிறர் கைக்குச் சென்றன. இலங்கையில் குடியேறிய குடும்பங்கள் பெரும்பாலும் காணியில் நிலைத்தன. ஆனால் அடைமானம் வைக்க இயலாத காணிக்கு வங்கி கடன் தரவில்லை. அவசரத்துக்குப் பணம் தேவைப்பட்டவர் எழுதாத குத்தகைக்கு விட்டார். இரண்டாவது மகனும் மகளும் தந்தையின் காணியிலிருந்து ஒன்றும் பெறாமல் வெளியேறினர், அல்லது அண்டைக் காட்டை வெட்டி அத்துமீறிக் குடியிருந்தனர்.

வறள் வலயக் குடியேற்றங்கள்

பண்டைய குளங்கள் தூர்ந்து, காடு மூடி, மலேரியா குடிகொண்டிருந்த வறள் வலயத்தை மீண்டும் நெல்விளையும் நாடாக்குவது சேனநாயக்காவின் வாழ்நாள் விருப்பமாக இருந்தது. 1935 இல் வெளியான விவசாயமும் நாட்டுப்பற்றும் பற்றிய அவரது நூலிலும் இதுவே பேசப்பட்டது. மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியாக் குளத்தின் கீழ் 1930களில் குடியேற்றம் தொடங்கியது. தொடக்கத்தில் நிலை மோசமாக இருந்தது. காய்ச்சலுக்கு அஞ்சிப் பலர் ஊர் திரும்பினர். 1934-35 இல் நாட்டைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோய் நிலைமையை மேலும் கெடுத்தது.

1939 இல் முறை மாற்றப்பட்டது. காட்டை வெட்டுதல், வாய்க்கால் அமைத்தல், வீடு கட்டுதல் ஆகியவற்றை அரசே ஏற்றது. குடும்பம் ஒன்றுக்கு 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுநிலமும் என்பது பொது அளவாயிற்று. 1942 இல் பர்மா சப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றதும், உணவு உற்பத்தி நாட்டின் முதற்கடமையாகியது. பொலன்னறுவையில் பராக்கிரம சமுத்திரம் திருத்தப்பட்டது. மினிப்பே, எலகரை முதலிய இடங்களிலும் திட்டங்கள் எழுந்தன. போருக்குப் பின் டி.டி.ற்றி. மருந்து தெளிக்கப்பட்டு மலேரியா தணிந்த பிறகே குடியேற்றம் விரைவு பெற்றது.

இத்திட்டங்கள் ஒரு கேள்வியைத் தொடவில்லை. ஈரவலயத்திலிருந்த பெருந்தோட்டங்களும் தனியார் பெருநிலங்களும் அப்படியே விடப்பட்டன. சேனநாயக்காவின் குடும்பமும் தோட்ட உடைமைக் குடும்பமே. நிலமற்றவர் வறள் வலயக் காட்டுக்கு அனுப்பப்பட்டனர். தனியார் நிலத்துக்கு உச்சவரம்பு வருவதற்கு 1972 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மலையகத் தமிழரும் காணியும்

1935 சட்டம் காணி பெறத் தகுதியுடைய இலங்கையர் யார் என்பதையும் வரையறுத்தது. தீவில் நிலையாக வாழ்வதோடு, பிறப்பின் வழியாகவும் இலங்கையையே நிலைவாழிடமாகக் கொண்டவரே இலங்கையர் எனப்பட்டனர். மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்து மண்டபம் முகாம் வழியாகச் சென்று, தலைமுறைகளாகத் தேயிலையும் இறப்பரும் வளர்த்த தொழிலாளர்களுள் பெரும்பாலோர் இவ்வரையறையால் வெளியே நிறுத்தப்பட்டனர். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளாகிய லயன்களும் தோட்டத்துக்கே உரியவை. வேலை போனால் வீடும் போகும்.

இதன் விளைவு 1946 இல் கேகாலை மாவட்டத்தில் வெளிப்படையாகத் தெரிந்தது. புலத்கொஹுபிட்டியப் பகுதியிலிருந்த நேவ்ஸ்மியர் என்னும் தோட்டத்தை, சுற்றியிருந்த நிலமற்ற சிங்களக் குடியானவர்களுக்குப் பகிர்ந்தளிக்க அரசு கையகப்படுத்தியது. தொழிலாளர் வழக்கில் இத்தோட்டம் உருளவள்ளி எனப்பட்டது. அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களை வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் மறுத்தனர். அத்துமீறிக் குடியிருப்பதாக அவர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. இதை எதிர்த்து இலங்கை இந்தியக் காங்கிரசு நடத்திய வேலைநிறுத்தம் பல தோட்டங்களுக்குப் பரவியது. ஊரார்க்கு நிலமில்லை என்பது மெய். தொழிலாளர்க்குப் போக வேறிடம் இல்லை என்பதும் மெய். ஒருவர் உரிமையை மற்றவர் குடியிருப்பின் மேல் அமைத்த இம்முடிவுக்குக் காணி அமைச்சர் என்ற முறையில் சேனநாயக்கா பொறுப்பாளியாக இருந்தார்.

1947 செப்டம்பரில் பிரதமரான சேனநாயக்கா அவ்வாண்டின் இறுதியில் தில்லியில் நேருவைச் சந்தித்து இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை குறித்துப் பேசினார். உடன்பாடு ஏற்படவில்லை. 1948 பெப்ரவரி 4 இல் நாடு விடுதலை பெற்றது. அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1949 இன் இந்திய, பாக்கித்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. குடியுரிமை இல்லாதவர்க்கு அரச காணி கோரும் வழியும் அடைபட்டது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் இம்மக்களே.

கல் ஓயாத் திட்டம்

கல் ஓயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றை மறித்து இங்கினியாகலையில் பெரிய அணை கட்டும் பணி 1949 இல் தொடங்கியது. அமெரிக்க நிறுவனமான மொரிசன்-நுட்சன் அணையைக் கட்டியது. உருவான நீர்த்தேக்கம் சேனநாயக்கா சமுத்திரம் எனப் பெயர் பெற்றது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் ஏற்கனவே வயல் செய்து வந்தனர். மேற்பகுதிக் காட்டுநிலத்தில் குடியேற்றப்பட்டவர்களுள் பெரும்பாலோர் கேகாலை, கண்டி போன்ற நெருக்கமான பகுதிகளிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்கள் ஆவர். தமிழ், முஸ்லிம் குடும்பங்களும் காணி பெற்றன.

சிங்கள அரசியலில் இது பண்டைய நீர்ப்பாசன நாகரிகத்தின் மீட்சி எனக் கொண்டாடப்பட்டது. கிழக்கின் தமிழர் இதனைத் தம் மாவட்டத்தின் குடித்தொகையையும் தேர்தல் தொகுதிகளையும் மாற்றும் செயலாகக் கண்டனர். 1949 டிசம்பரில் சா. ஜே. வே. செல்வநாயகம் நிறுவிய இலங்கைத் தமிழரசுக் கட்சி அரச குடியேற்றத்தை எதிர்ப்பதைத் தன் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாகக் கொண்டது. நிலமற்ற ஒரு குடும்பத்துக்கு எட்டு ஏக்கர் கொடுப்பது நற்செயல் என்பதை அக்கட்சியும் மறுக்கவில்லை. அக்குடும்பத்தை யார் தெரிவு செய்வது, எந்த மாவட்டத்தார்க்கு முதலிடம் என்பதே பிணக்கு. 1957 இன் பண்டாரநாயக்கா-செல்வநாயகம் ஒப்பந்தமும், 1965 இல் டட்லி சேனநாயக்கா செல்வநாயகத்துடன் செய்த உடன்பாடும் இக்கேள்விக்கு விடை காண முயன்றன. முதலாவது 1958 இல் கைவிடப்பட்டது. இரண்டாவதும் நடைமுறைக்கு வரவில்லை. கல் ஓயாக் குடியேற்றப் பகுதியிலேயே 1956 சூனில் தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்தது. 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டது.

மறைவு

குதிரையேற்றம் சேனநாயக்காவின் நாள்வழக்கமாகும். 1952 மார்ச் 21 காலை கொழும்பு காலிமுகத் திடலில் குதிரையின் மேலிருந்து விழுந்தார். மறுநாள் காலமானார். அவருக்குப் பின் மகன் டட்லி பிரதமரானார். 1953 இல் புதிய குடியேற்றங்களில் குடும்பம் ஒன்றுக்கான அளவு 3 ஏக்கர் வயல், 2 ஏக்கர் மேட்டுநிலம் எனக் குறைக்கப்பட்டது. செலவும் விண்ணப்பதாரர் பெருக்கமும் இதற்குக் காரணங்களாயின.

பிற்காலத்தில் சட்டம்

1935 சட்டம் பல முறை திருத்தப்பட்டும் நீடிக்கிறது. இலங்கை நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இன்றும் அரசுக்கே உரியது. 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் காணியை மாகாண சபைகளின் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் அரச காணியின் உரித்து நடுவண் அரசிடமே நிற்பதால் அதிகாரப் பங்கீடு பற்றிய வழக்காடல் ஓயவில்லை. மூன்றாம் அட்டவணையில் ஆணுக்குக் கொடுக்கப்பட்டிருந்த முன்னுரிமை 2022 இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் மூலமே நீக்கப்பட்டது. அனுமதிப்பத்திரம், அளிப்பு ஆகியவற்றை முழு உடைமை உறுதிகளாக மாற்றித் தரும் உறுமய என்னும் திட்டத்தை இலங்கை அரசு 2024 இல் தொடக்கிவைத்தது. அப்போதும், விற்கும் உரிமை கிடைத்தால் காணி உழவர் கையில் நிற்குமா என்று 1927 இன் ஆணைக்குழு எழுப்பிய அதே கேள்வி மீண்டும் எழுப்பப்பட்டது.